ஜிம்மி ஒயிட்டை ஒரே வரியில் ஒதுக்கலாமா?

உங்கள் இதழில் வந்த ஸ்னூக்கர் கட்டுரையில், ஸ்னூக்கர் வீரர் ஜிம்மி ஒயிட்டை ‘உலகப் பட்டம் வெல்லத் தெரியாதவர்’ என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆறு இறுதிப் போட்டிகளில் தோற்றார், உண்மைதான். ஆனால் 1990 முதல் 1994 வரை ஐந்து ஆண்டுகளும் விடாமல் உலகச் சாம்பியன்ஷிப் நடக்கும் ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கில் இறுதிச் சுற்றுக்கு வந்தாரே, அது யாருக்கு வாய்க்கும்? அவற்றில் நான்கு முறை எதிரே நின்றவர் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீபன் ஹென்ட்ரி!

1992 தோல்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. 14-8 என்று முன்னிலை, வெற்றிக்குத் தேவையான 18ஐ எட்ட இன்னும் நான்கு ஃபிரேம் (போட்டியின் தனித்தனி ஆட்டங்கள்) போதும். ஹென்ட்ரியோ அடுத்த பத்தையும் வரிசையாக அள்ளிக்கொண்டு போனார். 1994 அதைவிடக் கொடுமை. அன்று ஒயிட்டுக்குப் பிறந்தநாள். 17-17 என்று சமநிலை. கடைசி ஃபிரேமில் 37-24 என்று முன்னால் இருந்தவர், மேசையில் அதற்குரிய புள்ளியிலேயே இருந்த கருப்புப் பந்தைக் குழியில் போடாமல் தவறவிட்டார். எத்தனையோ ஆயிரம் முறை போட்ட பந்து அது! ஹென்ட்ரி 58 புள்ளிகள் எடுத்துக் கோப்பையைப் பறித்துக்கொண்டார். அதன் பிறகும் முகம் சுளிக்காமல், ‘இவர் எனக்கு எரிச்சலூட்டத் தொடங்கிவிட்டார்’ என்று சிரித்தபடி சொன்னவர் ஒயிட்.

இடக்கையால் அவர் ஆடும் வேகத்தைப் பார்க்கவே கூட்டம் வந்தது. 1984 மாஸ்டர்ஸ் பட்டம், 1992 இல் குரூசிபிளில் அடித்த 147 (தொடர்ச்சியாகப் பந்துகளைப் போட்டு எடுக்கும் அதிகபட்சப் புள்ளிகள்), அதே ஆண்டின் யுகே சாம்பியன்ஷிப் எதுவுமே கட்டுரையில் இல்லை. அடுத்த பகுதியிலாவது இவற்றைச் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.