மாத்திரை கூட்டுவது காபாவின் அளவையா?

பதற்றத்தைத் தணிக்கும் டயசெபம், அல்பிரசோலம் போன்ற மாத்திரைகள், நரம்பணுக்களின் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் அளவை மூளையில் கூட்டுவதாக ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நரம்பணுக்களின் கிளர்ச்சி தணிவது உண்மைதான். அதற்கு அவர் கூறும் காரணம் மட்டும் சரியன்று.

பெருமூளைப் புறணியின் நரம்பணுக்களில் உள்ள காபா-ஏ ஏற்பி, அதாவது காபா வந்து அமரும் புரதம், ஐந்து புரதத் துணையலகுகளால் ஆனது; குளோரைடு அயனிகளை உள்ளே விடும் வாயிலும் அதுவே. காபா அமரும் இடங்களிலிருந்து விலகி, ஆல்ஃபா, காமா துணையலகுகளுக்கு இடையே இம்மருந்துகள் அமர்கின்றன. அதனால், ஏற்கெனவே சுரந்துள்ள அதே காபாவுக்கே அவ்வாயில் அடிக்கடி திறந்து, உள்ளே நுழையும் குளோரைடு அயனிகள் நரம்பணு தூண்டப்படுவதைக் கடினமாக்குகின்றன. அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும் ஃபுளூமசெனில் என்ற மாற்றுமருந்து, காபாவைக் குறைக்காமலேயே இவற்றின் விளைவை முறிப்பது கவனிக்கத்தக்கது.

ஐயமுள்ளவர்கள் அல்பிரசோலத்துக்கான அமெரிக்க மருந்து விவரக்குறிப்பில் 12.1 ஆம் பகுதியைப் படித்துப் பார்க்கலாம். அங்கே ஏற்பியுடன் பிணைவதே காரணமாகக் குறிப்பிடப்பட்டுள்ளது.