சாயங்காலம் வாங்க, நிதானமா பார்க்கலாம்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிய வந்தது நான்கு வருடத்துக்கு முன்னால். எங்கள் பக்கத்து ஜிஎச்சில் சர்ஜரி ஓபி திங்களும் வியாழனும். ஏழரை மணிக்கே போய் ஓபி சீட்டு வாங்கி, அம்மாவைச் சுவரோரச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றே கால். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவின் வயிற்றை ஒருமுறை அழுத்திப் பார்த்தார், மாத்திரை எழுதினார். மொத்தம் இரண்டு நிமிடம் இருக்கும். ஆபரேஷன் எப்போது சார் என்று கேட்டேன். எனக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாயங்காலம் க்ளினிக்குக்கு வாங்களேன். நிதானமா பார்க்கலாம்."

மிரட்டல் இல்லை, குழைவு இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

போனோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப் மாடியில் க்ளினிக். டோக்கன் கொடுக்க ஒரு பையன், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃபீஸ் 200 ரூபாய். காலையில் பார்த்த அதே டாக்டர்தான், ஆனால் ஆளே வேறு. அம்மாவிடம் சாப்பாடு, தூக்கம் எல்லாம் விசாரித்தார். மருந்துச் சீட்டைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கல்லீரல், பித்தப்பை, அதிலிருந்து இறங்கும் குழாய் எல்லாவற்றையும் பேனாவால் வரைந்து, கல் நழுவி இந்த இடத்தில் அடைத்தால் மஞ்சள் காமாலை வரும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கடைசியாக, "ஜிஎச்ல தியேட்டர் டேட் கிடைக்க லேட் ஆகும்மா. நான் ஒரு நர்சிங் ஹோம்ல பண்றேன். அங்கன்னா அடுத்த வாரமே முடிச்சிடலாம், மூணாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

48 ஆயிரம் ஆனது. தங்கையின் வளையல் ஒரு மாதம் அடகுக் கடையில் இருந்தது. ஆபரேஷன் நன்றாக நடந்தது. அம்மா இன்றைக்கும் அவரைத் தங்கமான டாக்டர் என்றுதான் சொல்வாள், நானும் மறுத்துப் பேச மாட்டேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜிஎச்சில் நிஜமாகவே லேட் ஆகியிருக்குமா? எத்தனை வாரம்? யாரிடம் போய்க் கேட்பது? தேதி போடுகிறவரே அவர்தானே. காத்திருப்போர் பட்டியல் அவர் கையில். அந்தப் பட்டியலில் நிற்காமல் தாண்டிப் போகும் வழியும் அவரிடம்தான் விலைக்கு இருக்கிறது. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மையாகவே இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

நலன் முரண் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அது இதுதான். லஞ்சத்துக்கு மரியாதையாக வைத்த இன்னொரு பெயர் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். லஞ்சம் என்றால் யாராவது ஒருவர் தெரிந்தே தப்பு செய்தாக வேண்டும். இங்கே யாரும் தப்பு செய்யவே வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு கடை. காலைக் கடையில் வரிசை நகராவிட்டால் மாலைக் கடையில் கல்லா நிரம்பும். ஆள் உத்தமராக இருந்தாலும் ஏற்பாடு கோணல்.

நம் மாநிலத்தில் அரசு டாக்டர்கள் பணி நேரம் முடிந்த பிறகு தனியாக நோயாளிகளைப் பார்க்க அனுமதி இருக்கிறது. ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை, போர்டே மாட்டியிருப்பார்கள். அடுத்த முறை அந்தப் போர்டை நின்று படித்துப் பாருங்கள். பெயர், பட்டம், அதற்குக் கீழே என்ன பதவி, எந்த அரசு மருத்துவமனை என்று எழுதியிருக்கும். அரசாங்க உத்தியோகமே மாலைக் கடைக்கு விளம்பரம். ஒரு தாசில்தார் தன் வீட்டு வாசலில் 'பட்டா சம்பந்தமான ஆலோசனை, மாலை 5 முதல் 9 வரை' என்று போர்டு மாட்டினால் நாம் சும்மா இருப்போமா?

அதுவே புதுச்சேரி ஜிப்மரில் கதை வேறு. அது மத்திய அரசு நிறுவனம். அங்கே டாக்டர்கள் வெளியே பிராக்டீஸ் பண்ணக் கூடாது. அதற்கு ஈடாக என்பிஏ என்று ஒரு படி கொடுக்கிறார்கள். பிராக்டீஸ் செய்யாமல் இருப்பதற்காகவே தரும் பணம், அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம். ஏழாவது சம்பளக் கமிஷனுக்கு முன்னால் 25 சதவீதமாக இருந்தது. ஜிப்மரில் கூட்டம் இல்லையா என்றால், கடலூர், விழுப்புரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் போய் நிற்பவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அங்கேயும் தேதிக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் லேட் ஆகும் என்று ஜிப்மர் டாக்டர் சொன்னால் அதில் அவருக்கு ஒரு பைசா வரவு கிடையாது. அதனால் அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டு வீட்டுக்கு வரலாம். அம்மாவின் விஷயத்தில் எனக்குக் கிடைக்காமல் போனது அந்த நம்பிக்கைதான். 48 ஆயிரம் அதற்கு அப்புறம்.

என்னோடு பள்ளியில் படித்தவன் ஒருவன் அரசு டாக்டர். இதையெல்லாம் அவனிடம் சொல்லப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"டேய், உனக்கு ராத்திரி கேஷுவாலிட்டி டூட்டின்னா என்னன்னு தெரியுமா? போஸ்ட்மார்ட்டம் பண்ணிட்டு வந்து, கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போயிட்டு வந்து, மறுபடியும் ஓபில உட்கார்ந்திருக்கியா? சம்பளத்துக்காக 2019 அக்டோபர்ல ஒரு வாரம் ஸ்ட்ரைக் பண்ணோம். புதுசா ஒண்ணும் கேக்கல, எங்க சம்பள உயர்வுக்காக 2009-ல போட்ட அரசாணை 354-ஐ ஒழுங்கா அமல்படுத்துங்கன்னுதான் கேட்டோம். என்ன கிடைச்சது? ட்ரான்ஸ்ஃபர் கிடைச்சது. என்பிஏவும் தர மாட்டாங்க, சம்பளத்தையும் ஏத்த மாட்டாங்க, ஆறு மணிக்கு மேல நான் ஸ்டெதஸ்கோப்பையும் தொடக் கூடாதுன்னா எப்படி?"

இதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அவன் பேச்சில்தான் இருக்கிறது. டாக்டருக்குத் தர வேண்டிய சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் தன் கஜானாவிலிருந்து தராமல், 'நீயே வெளியே வசூல் பண்ணிக்கொள்' என்று விட்டுவிட்டது. வசூல் யாரிடம்? இலவச வைத்தியத்துக்கு வந்து நின்றவர்களிடமே. பட்ஜெட்டில் காட்டாத ஒரு செலவு, எங்கள் தங்கையின் வளையலில் போய் முடிந்தது.

எல்லா வெளி வருமானமும் கோணல் என்று சொல்ல வரவில்லை. தொண்ணூறுகளில் எங்கள் அப்பா ஊரில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர் வாடகை வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் வைத்தியம் பார்ப்பார். ஐந்து ரூபாய் வாங்குவார். இல்லாதவர்கள் முருங்கைக்காயோ பூசணிக்காயோ வைத்துவிட்டுப் போவார்கள். ராத்திரி பதினொரு மணிக்குத் தேள் கொட்டியது என்று கதவைத் தட்டினால் லுங்கியோடு எழுந்து வருவார். சுற்று வட்டாரத்தில் வேறு டாக்டர் கிடையாது. அவருக்குத் தடை போட்டிருந்தால் ஊருக்குத்தான் நஷ்டம். காலையில் அவரிடம் போகிறவர்களுக்கு அவர் எதையும் குறைத்து வைக்கவில்லை, வைக்க வேண்டிய தேவையும் இல்லை. ராத்திரி அவர் கொடுத்தது அவருடைய சொந்தத் தூக்கம். தூக்கத்தை விற்பதற்கு ஐந்து ரூபாய் குறைவுதான்.

ஆகவே மொத்தமாகத் தடை போடு என்பவர்களோடும் நான் சேர மாட்டேன். கேரளத்தில் 2009-இல் அரசு மருத்துவக் கல்லூரி டாக்டர்களுக்குத் தனியார் பிராக்டீஸைத் தடை செய்தார்கள், சம்பளத்தையும் உயர்த்தினார்கள். நியாயமான பேரம். ஆனாலும் அங்கே அவ்வப்போது விஜிலென்ஸ் சோதனை, வீட்டில் நோயாளிகளைப் பார்த்த டாக்டர் பிடிபட்டார் என்று செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. தடை போட்டால் வாசலில் இருக்கும் போர்டு இறங்கும், கொல்லைப்பக்கக் கதவு திறக்கும். போர்டாவது கண்ணுக்குத் தெரிகிறது.

சட்டத்திடம் போகலாம் என்றால் அதற்கு இது தெரியவே மாட்டேன் என்கிறது. பஞ்சாபில் பிராக்டீஸ் தடை இருந்தும் வெளியே ஃபீஸ் வாங்கியதாக அரசு டாக்டர்கள் மீது ஊழல் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வைத்தியம் பார்த்துக் கட்டணம் வாங்குவது லஞ்சம் ஆகாது, விதி மீறல் என்றால் துறை நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகத்தான் இருக்கும். வேலை பார்த்தார், கூலி வாங்கினார். 'சாயங்காலம் வாங்க' என்ற இரண்டு வார்த்தைக்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

வேடிக்கை என்னவென்றால், வாத்தியார் விஷயத்தில் நமக்கு இது எப்போதோ புரிந்துவிட்டது. கணக்கு வாத்தியாரிடம் ட்யூஷன் போகும் பையனுக்கு மட்டும் பரீட்சைக்கு முதல் நாள் 'முக்கியமான' கணக்குகள் தெரியும். ட்யூஷன் போகாத நாங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழிப்போம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, ஆசிரியர்கள் தனி ட்யூஷன் எடுக்கக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. கடைப்பிடிக்கிறார்களா என்பதை விடுங்கள், எது தப்பு என்றாவது எழுதி வைத்திருக்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ.க்களிடம் போனால் அதுவும் இளகிவிடும். அவர்கள் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சொந்தமாக விமான கம்பெனி வைத்திருந்த விஜய் மல்லையா, மாநிலங்களவை உறுப்பினராக விமானப் போக்குவரத்து தொடர்பான நாடாளுமன்றக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்ததுகூட இல்லை, பால் விலையை நிர்ணயிக்கிற கமிட்டியில் உறுப்பினராகப் போட்டது.

டாக்டர்கள் விஷயத்துக்கே வருகிறேன். இங்கிலாந்தில் 1948-இல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் என்று என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையை ஆரம்பித்தபோது பெரிய டாக்டர்கள் முறைத்துக்கொண்டு நின்றார்கள். சுகாதார அமைச்சர் அனைரின் பெவன், வெளியே தனியாகவும் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்துத்தான் அவர்களை உள்ளே இழுத்தார். அவர்கள் வாயில் தங்கத்தைத் திணித்தேன் என்று பின்னால் அவரே சொன்னதாகச் சொல்வார்கள். நம் கதையும் கிட்டத்தட்ட அதேதான், திணிக்கத் தங்கம்தான் இல்லை. ஆனால் அவர்கள் அதோடு விட்டுவிடவில்லை. 2003 ஒப்பந்தப்படி, வெளியே பிராக்டீஸ் பண்ண விரும்பும் கன்சல்டன்ட், அதாவது மூத்த ஸ்பெஷலிஸ்ட் டாக்டர், முதலில் வாரத்தில் கூடுதலாக நான்கு மணி நேரத்தை அரசு மருத்துவமனைக்குத் தரத் தயார் என்று சொல்ல வேண்டும். 2017-இலிருந்து எங்கே, எப்போது, என்ன மாதிரி தனியார் வைத்தியம் பார்க்கிறார் என்று மருத்துவமனையில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதனால் அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அங்கேயும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள்.

எனக்கு வேண்டியது இதைவிடச் சின்னது. ஜிஎச்சில் ஓபி சீட்டுப் போட்ட நோயாளியை, அதே வியாதிக்கு, அதே டாக்டர் வெளியே காசு வாங்கிக்கொண்டு பார்க்கவோ ஆபரேஷன் பண்ணவோ கூடாது. மற்றவர்களை எத்தனை பேரை வேண்டுமானாலும் பார்க்கட்டும், சம்பாதிக்கட்டும். இன்னொன்று, ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் பட்டியலை டாக்டரின் டைரியிலிருந்து எடுத்து ஓபி சுவரில் ஒட்ட வேண்டும். பெயர்கூட வேண்டாம், ஓபி சீட்டு நம்பரும் தேதியும் போதும். ஓபி முடிகிற நேரத்தைச் சுவரில் எழுதிவைக்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஜிஎச்சிலேயே ஆபரேஷன் செய்தால் வரும் தொகையில் ஒரு பங்கு டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும் ஊக்கத்தொகையாகப் போகிறது. அது ஒழுங்காக, காலத்தோடு கைக்கு வந்தால் ஜிஎச் தியேட்டரில் ஆபரேஷன் முடிப்பதிலும் ஒரு வரவு இருக்கிறது. என் நண்பனிடம் இதைச் சொன்னேன். "பட்டியலை ஒட்டு, எனக்கென்ன? எம்எல்ஏ பி.ஏ. போன் பண்ணி நடுவுல ஒரு பேரைச் சொருகச் சொல்றப்ப எனக்கும் வசதியா இருக்கும்" என்றான். அந்தக் கோணத்தை நான் யோசிக்கவே இல்லை.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்த ஒரு விஷயம். எதிர் வீட்டு அண்ணனுக்குக் குடலிறக்கம். ஜிஎச்சில் பார்க்கலாமா, கவனிப்பார்களா என்று கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டே, துளிகூட யோசிக்காமல் சொன்னேன்: "நேரா ஜிஎச்சுக்குப் போகாதீங்கண்ணே. முதல்ல சாயங்காலம் க்ளினிக்ல ஒருதடவை காட்டிடுங்க. முகம் தெரிஞ்சிடும். அப்புறம் காலைல போனா நல்லா பார்ப்பாங்க."

அவர் தலையாட்டிவிட்டு, "ஃபீஸ் எவ்வளவுப்பா?" என்றார். அதையும் நானே சொன்னேன். இப்போது 300.