டிம், பிரைட், பாக்கி

(தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். இரவு ஏழரை மணி. கரண்ட் இல்லை. ரயில் பெட்டி போல நீளமான ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. வாசலில் 1984 மாடல் அம்பாசடர் ஒன்று முனகிக்கொண்டே வந்து நிற்கிறது. அதன் ஹெட்லைட் எரிகிறதா என்று தெரிந்துகொள்ளக் கிட்டே போய்க் குனிந்து பார்க்க வேண்டும். இறங்குபவர் மளிகைக்கடை அண்ணாச்சி. அவரைக் கண்டதும் எலக்ட்ரீசியன் தம்பி ஒரு மொபெட்டுக்குப் பின்னால் ஒளியப் பார்க்கிறார். மொபெட் போதவில்லை.)

அண்ணாச்சி: ஏலே தம்பி, எழுந்திரு. பாக்கி கேட்க வரவில்லை.

தம்பி: வாங்க அண்ணாச்சி! ஒளியவில்லை, ஸ்பேனர் தேடினேன்.

அண்ணாச்சி: 1,480 ரூபாய். சும்மா சொல்லி வைத்தேன். கடையில் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ போர்டு நின்ற காலத்தில் எல்லாரும் மரியாதையாகக் காசு கொடுத்தீர்கள். ரெண்டு வருஷம் முன்னால் போர்டு காணாமல் போனது. அதோடு ஊரே கடன்காரனாகிவிட்டது.

தம்பி: (பலமாக இருமி) வண்டிக்கு என்ன?

அண்ணாச்சி: வெளிச்சம் இல்லை. நேற்று ராத்திரி செங்கோட்டையிலிருந்து வருகிறேன், நடுரோட்டில் ரெண்டு லைட்டு. லாரி என்று ஓரம்கட்டி நின்றேன். பத்து நிமிஷம் அது அசையவே இல்லை. அப்புறம் சாணி போட்டது.

தம்பி: எருமையா?

அண்ணாச்சி: எருமை. என் லைட்டைவிட அதன் கண் பிரகாசமாக இருக்கிறது.

தம்பி: அதற்கு ஏது சொந்த வெளிச்சம்? நீங்கள் கொடுத்ததைத்தான் திருப்பிக் கொடுத்தது.

அண்ணாச்சி: இந்த ஊரில் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்த முதல் ஜீவன் அதுதான்.

தம்பி: (செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குனிகிறார்) ழென்ன இழு?

அண்ணாச்சி: வாயில் இருப்பதை எடுத்துவிட்டுப் பேசு.

தம்பி: என்ன இது? கண்ணாடி மேல்?

அண்ணாச்சி: ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம்.

தம்பி: எந்த வருஷத்து ஆயுத பூஜை?

அண்ணாச்சி: மேலே இருப்பது போன வருஷத்தது. அடியில் இருப்பது என் அப்பா வைத்தது.

(தம்பி நகத்தால் சுரண்டுகிறார். சுவர்க் காரை போல ஒரு சில்லு பெயர்ந்து விழுகிறது. அண்ணாச்சி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப்பையில் போடுகிறார்.)

தம்பி: இனிமேல் பொட்டைப் பானெட்டில் வையுங்கள். சாமிக்கும் காற்று வரும். (பல்பைக் கழற்றுகிறார்) அடப்பாவி! 100/90 வாட் போட்டிருக்கிறீர்கள், பிரைட்டுக்கு 100, டிம்முக்கு 90. யார் போட்டது?

அண்ணாச்சி: பெரிய பல்பு, பெரிய வெளிச்சம் என்றான். போட்ட அன்றிலிருந்து வண்டிக்குள் அப்பளம் கருகுகிற வாசனை. நானும் நம் கடை அப்பளக்கட்டு என்றுதான் நினைத்தேன்.

தம்பி: அப்பளம் இல்லை, ஹோல்டர். பாருங்கள், பிளாஸ்டிக் உருகிப் பல்லிளிக்கிறது. 100 வாட் என்றால் ஒரு பல்புக்கு 8 ஆம்பியருக்கு மேல். ரெண்டுக்கும் சேர்த்து 17. அத்தனையும் எங்கே போகிறது? பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அங்கிருந்து உங்கள் காலடியில் டிம், பிரைட் மாற்றுகிற டிப் சுவிட்ச், அது நாற்பது வருஷமாகச் செருப்பு மண்ணும் மழைத்தண்ணியும் குடித்தது. அப்புறம் இந்த நூல் வயர். கடைசியில்தான் பல்பு.

அண்ணாச்சி: அதெல்லாம் விடு. (டிக்கியைத் திறந்து ஒரு பெட்டியை எடுக்கிறார்) துபாயிலிருந்து அக்கா மகன் அனுப்பியது. ஏழு அங்குல வட்டம், அளவு சரியாக இருக்கும். மாட்டு.

தம்பி: (கண்ணாடியில் விரலை ஓட்டி) அண்ணாச்சி, துபாயில் எந்தப் பக்கம் வண்டி ஓட்டுவார்கள்?

அண்ணாச்சி: ரோட்டுப் பக்கம்தான்.

தம்பி: வலப்பக்கம் ஓட்டுவார்கள். டிம் லைட் ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் ஏறி அடிக்கும். நடந்து போகிறவன், பலகை, பள்ளம் தெரியட்டும் என்று ஓரத்துப் பக்கமாகத் தூக்கி வைத்திருப்பார்கள். நமக்கு இடப்பக்கம் ஏற வேண்டும். இது வலப்பக்கம் ஏறும். நீங்கள் டிம் போட்டாலும் எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தும்.

அண்ணாச்சி: அப்போ எல்இடி பல்பு? சந்தையில் ஒருத்தன் விற்கிறான். வெள்ளைவெளேர் என்று இருக்கிறது.

தம்பி: இந்தப் பல்பைப் பாருங்கள். உள்ளே சின்ன இழைக்கு அடியில் தொன்னை மாதிரி ஒரு தகடு. டிம் போடும்போது வெளிச்சம் கீழே போகாமல் மேல் பாதி ரிஃப்ளெக்டரில் மட்டும் அடிக்க வைப்பது அதுதான். இழை இருக்கிற இடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் ரிஃப்ளெக்டரையே வளைத்திருக்கிறான். சந்தை எல்இடியில் வெளிச்சம் வேறு இடத்தில் பிறக்கும். மரம், வானம், எதிராளி எல்லாம் தெரியும், ரோடு தெரியாது.

அண்ணாச்சி: உனக்கு வியாபாரமே தெரியவில்லை. மாட்டிவிட்டிருந்தால் உன் பாக்கி கழிந்திருக்கும்.

தம்பி: (ஒரு கணம் மனசாட்சியோடு போராடி, தோற்று, மீட்டரை எடுக்கிறார்) வண்டியை ஸ்டார்ட் பண்ணி பிரைட் போடுங்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதியுங்கள். பேட்டரியில் 13.2 வோல்ட். சரி. பல்பு முனையில்... 11.

அண்ணாச்சி: ரெண்டுதானே குறைகிறது. சில்லறை.

தம்பி: அதுதான் இல்லை. பல்பு மானஸ்தன். வோல்ட் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிக்குப் பாதி போய்விடும்.

அண்ணாச்சி: பாதியா? கிலோவுக்குப் பத்து கிராம் குறைந்தாலே என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்! அந்த மீதி எங்கே போனது?

தம்பி: குடோனிலிருந்து கடைக்கு வருவதற்குள் ஓட்டைச் சாக்கில் அரிசி சிந்துகிற மாதிரிதான். வயரில் கொஞ்சம், சுவிட்சில் கொஞ்சம், எர்த் கம்பியில் கொஞ்சம், சூடாகச் சிந்திவிட்டது. நீங்கள் ரெண்டு மூட்டை ஏற்றினால் சாக்கு இன்னும் கிழியும். 100 வாட் போட்டது அந்த வேலைதான்.

அண்ணாச்சி: என்ன செய்யலாம்?

தம்பி: ரிலே போடலாம். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. கடையில் ‘ஒரு மூட்டை பொன்னி எடு’ என்று கல்லாவில் உட்கார்ந்து சொல்வீர்களா, நீங்களே தூக்குவீர்களா?

அண்ணாச்சி: நான் ஏன் தூக்க வேண்டும்? பையன் எதற்கு இருக்கிறான்?

தம்பி: அந்தப் பையன்தான் ரிலே. இனி சுவிட்ச் வாயால் சொன்னால் போதும். அதற்கு ஒரு ஆம்பியரில் கால் பங்குகூட வேண்டாம். மூட்டையைப் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்கு ரிலே தூக்கும். தடி வயர், பேட்டரி பக்கத்திலேயே ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர், எர்த்தைச் சுரண்டித் துரு எடுத்து முடுக்குவேன். பல்பு 60/55 போதும்.

அண்ணாச்சி: 100-க்குப் பதில் 60-ஆ?

தம்பி: பட்டினி கிடக்கிற பயில்வானைவிட வயிறாரச் சாப்பிட்ட சாதாரண ஆள் மேல்.

அண்ணாச்சி: எவ்வளவு ஆகும்?

தம்பி: கூலியோடு 1,900.

அண்ணாச்சி: 1,480.

தம்பி: அண்ணாச்சி...

அண்ணாச்சி: கணக்கு நேர். நோட்டில் உன் பக்கத்தைக் கிழித்துவிடுகிறேன்.

(வேலை நடக்கிறது. ஒன்றரை மணி நேரத்தை வாசகருக்காக நாம் தாண்டிவிடலாம். நடுவில் ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: அண்ணாச்சி உதவுகிறேன் பேர்வழி என்று புதுப் பல்பைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தார்.)

தம்பி: ஐயோ, தொடாதீர்கள்! கையில் என்ன?

அண்ணாச்சி: நல்லெண்ணெய். சுத்தமானது. கடையில் அளந்துவிட்டுத்தான் வந்தேன்.

தம்பி: எண்ணெய் பட்ட இடம் மட்டும் தனியாகச் சூடேறிப் பல்பு போய்விடும். ஹாலஜன் அப்படி. (ஸ்பிரிட் தொட்ட பனியன் துணியால் துடைத்து, தகரத்தை மட்டும் பிடித்து மாட்டுகிறார்) சரி, முடிந்தது. எதிரே பள்ளிக்கூடச் சுவரில் அடித்துப் பார்த்து லெவல் வைப்போம், வண்டியைத் திருப்புங்கள்.

அண்ணாச்சி: எதற்குத் திருப்ப வேண்டும்? உன் கடைக்குள்ளேயே நீளமாகச் சுவர் இருக்கிறதே. வண்டியும் அதைப் பார்த்துத்தான் நிற்கிறது.

தம்பி: வேண்டாம் அண்ணாச்சி, அந்தச் சுவர் கோணல்.

அண்ணாச்சி: உன் பேச்சுதான் கோணல். எத்தனை அடி?

தம்பி: (தயங்கி) 25 அடி.

அண்ணாச்சி: எத்தனை அடி வேண்டும்?

தம்பி: அதே... 25 அடிதான்.

அண்ணாச்சி: அப்புறம் என்ன?

(டிம் போடுகிறார். சுவரில் கத்தியால் வெட்டியது போல ஒரு கோடு. கீழே பட்டப்பகல், மேலே அமாவாசை. தம்பி சாக்பீஸால் பல்பின் உயரத்தைக் குறித்து, கோடு அதற்கு ரெண்டு அங்குலம் கீழே விழும்படி ஸ்க்ரூவைத் திருகுகிறார். அதிவேகமாகத் திருகுகிறார்.)

அண்ணாச்சி: அடேயப்பா! இத்தனை வருஷம் இந்த வெளிச்சம் எங்கேடா இருந்தது? பல்லி முட்டைகூடத் தெரிகிறதே! ஆமாம், வலது ஓரத்தில், பழைய பேட்டரி மேல் என்ன பலகை? ‘நாளை கடன்’ என்று எழுதியிருக்கிறது. மேலே இன்னொரு வரி இருட்டில் இருக்கிறதே?

தம்பி: மேலே ஒன்றும் இல்லை. லெவல் முடிந்தது, லைட்டை அணையுங்கள், பேட்டரி இறங்கிவிடும்.

(அண்ணாச்சியின் இடது கால் மெதுவாக டிப் சுவிட்சைத் தேடுகிறது. டக். பிரைட். ‘இன்று ரொக்கம்’ பளீரென்று எழுந்து நிற்கிறது, சுற்றிலும் சீரியல் பல்பு மாலையோடு.)

அண்ணாச்சி: ஏலே! என் போர்டு!

தம்பி: நான் எடுக்கவில்லை அண்ணாச்சி! சுற்றி சீரியல் லைட் போடச் சொல்லி உங்கள் பழைய கடைப்பையன்தான் கொண்டுவந்தான். போட்டேன். கூலிச் சீட்டும் கொடுத்தனுப்பினேன், 350 ரூபாய். அவன் மறுநாளே திருப்பூர் போய்விட்டான். கூலி வரவில்லை, போர்டும் போகவில்லை. சும்மா இருக்கிறதே என்று அங்கே வைத்தேன். ராசியான போர்டு. வைத்த நாளிலிருந்து என்னிடம் ஒருத்தனும் கடன் சொன்னதில்லை.

அண்ணாச்சி: என் போர்டைக் காட்டி நீ ரொக்கம் வாங்கினாய். போர்டு இல்லாத என்னிடம் வந்து கடன் சொன்னாய்.

தம்பி: அது வேறு கணக்கு, இப்போதுதான் நேராகிவிட்டதே. அந்த 350-ஐ மட்டும் கொடுத்துவிட்டுப் போர்டை எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களே படியுங்கள், என்ன போட்டிருக்கிறது? ‘இன்று ரொக்கம்.’

(அண்ணாச்சி சுவரைப் பார்க்கிறார். தம்பியைப் பார்க்கிறார். இடது காலை ஒருமுறை மிதிக்கிறார். டக். டிம்.)

அண்ணாச்சி: எங்கே? எனக்கு ஒரு வரிதான் தெரிகிறது.