தசைநாண் வலி தேய்த்தால் போய்விடுமா?
"குதிகால் தசைநாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் நார்) வலிக்கு அழுத்தித் தேய்த்தால் உள்ளே உள்ள தழும்பு உடைந்துவிடும், பயிற்சியே தேவையில்லை" என்று சிலர் சொல்வது சரியல்ல. விரல் அழுத்தத்தில் நாணில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் உடைந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்வதில்லை. தேய்த்ததும் வலி குறையும், மறுக்கவில்லை. நரம்புகள் வலியை உணரும் விதம் சற்று நேரம் மாறுவதே காரணம். முழங்கை, முழங்கால் நாண் வலிக்கான குறுக்குத் தேய்ப்பு (நாணுக்குக் குறுக்கே அழுத்தித் தேய்ப்பது) பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வுக்குக் கிடைத்தவை இரண்டே சிறிய ஆய்வுகள். பலன் உண்டென்று சொல்ல அவை போதவில்லை.

நாணைத் தேற்றுவது படிப்படியாகக் கூட்டும் சுமைதான். பரவலான முறை: படி விளிம்பில் முன்பாதம் ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வலிக்கும் காலால் மெதுவாக இறங்குங்கள். முழங்கால் நேராக 15 தடவை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கி 3 சுற்று. தினம் இருவேளை, 12 வாரம். வலி குதிகால் எலும்பில் நாண் சேரும் இடத்தில் என்றால் படிக்குக் கீழே இறக்காதீர்கள், சமதரை போதும். கீழே இறக்கினால் நாண் எலும்போடு நசுங்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். செய்யும்போது 10க்கு 5 வரை வலி பரவாயில்லை. மறுநாள் காலை விறைப்பு கூடினால் அளவைக் குறையுங்கள்.

மசாஜ் வேண்டுமானால் கெண்டைக்கால் தசையில், பயிற்சிக்குத் துணையாக மட்டும். 'பட்'டென்ற சத்தத்தோடு வலி வந்து நுனிக்காலில் எழ முடியவில்லை, அல்லது கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருக்கிறது என்றால் கை வைக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.