வீட்ல யாரும் இல்லையாம்!

"எங்கள் டெக்னீஷியன் தங்கள் இல்லத்திற்கு வருகை தந்தபோது கதவு பூட்டப்பட்டிருந்தது. தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. நன்றி."

வாஷிங் மெஷின் ரிப்பேர்னு கம்பெனிக்குப் புகார் கொடுத்துட்டுக் காத்திருந்தா, மத்தியானம் 3:42-க்கு போன்ல வந்து விழுது இந்த மெசேஜ். கடைசியில நன்றி வேற!

ஊர்ல வேற யார் வீட்டுக்கு வேணும்னாலும் இதை அனுப்பித் தொலைச்சிருக்கலாம். வேலைக்குப் போறவங்க வீடு, ஊருக்குப் போனவங்க வீடுன்னு எத்தனையோ இருக்கு. இடுப்பெலும்பு உடைஞ்சு ஆபரேஷன் ஆன மாமியார் கட்டில்ல கிடக்குற வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. தெருமுனைக்குப் போய் கறிவேப்பிலை வாங்கிட்டு வரக்கூட எனக்கு ஒரு ஆள் மாத்தி நிறுத்திட்டுப் போக வேண்டியிருக்கு. இதுல பூட்டாம். ஆம்புலன்ஸ்ல ஏறுன அன்னைக்குப் பூட்டினதுதான் கடைசி. சாவி டிவி ஸ்டாண்டுல கிடக்கு, பூட்டு எங்கன்னே தெரியல. யாரும் தேடவும் இல்ல. இந்த வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்புற பாக்கியம் இங்க யாருக்கு இருக்கு?

சரி, அந்த 3:42-க்கு வீட்டுக்குள்ள யார் யார் இருந்தாங்கன்னு ஒரு கணக்கு எடுத்துடலாம்.

அத்தை இருந்தாங்க. வாக்கரும் நானும் ரெண்டு பக்கமும் இல்லாம அவங்களால கட்டிலை விட்டு இறங்கவே முடியாது, அதனால "ஒருவேளை வெளியே போயிருப்பாங்களோ"ங்கிற சந்தேகத்துக்கே இடமில்ல. பிசியோதெரபி தம்பி இருந்தான். "பாட்டி, குதிகாலைப் படுக்கையிலயே தேய்ச்சு மேல இழுங்க, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு அவன் சத்தமா எண்ணிக்கிட்டு இருந்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் அத்தை "அய்யோ முருகா"ன்னாங்க. அந்த முருகா திருப்போரூர் வரைக்கும் கேட்டிருக்கும், கதவுக்கு வெளியே நின்ன மனுசனுக்குக் கேக்கலையாம். ஸ்கூல்ல இருந்து வந்த என் பையன் ஹால்ல உக்காந்து முறுக்கு கடிச்சுக்கிட்டு இருந்தான், அதுவே ஒரு சத்தம். நானு? வாசலுக்கு நேரா நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். கிரில் கேட் திறந்து கிடந்துச்சு. மரக்கதவு திறந்து கிடந்துச்சு. மெசேஜைப் பாத்துட்டு நானே எழுந்து போய் காலிங் பெல்லை அமுக்கிப் பாத்தேன். குருவி கத்துற சத்தம், கணீர்னு. பெல்லும் வீட்லதான் இருக்கு.

மாடிப்படில ஓடி இறங்கி, கேட்டுக்குப் பக்கத்துல அயர்ன் வண்டி போட்டிருக்கிற அண்ணன்கிட்ட கேட்டேன். "அண்ணே, பையை மாட்டிக்கிட்டு பைக்குல யாராவது வந்தாங்களா?"

"இல்லியேம்மா. காலைல இருந்து இங்கதான் நிக்கிறேன். போஸ்ட்மேன் வந்தாரு. அந்தக் கறுப்பு நாய் வந்துச்சு."

நாய்கூட வந்திருக்கு.

இந்தக் காத்திருப்பைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவே தேவையில்ல. "காலை பத்து மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வருவாங்க மேடம்." எட்டு மணி நேரம்! நிச்சயதார்த்தத்துக்கே முகூர்த்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள்ள குறிச்சுடுறாங்க. அந்த எட்டு மணி நேரம் நான் குளிக்கல. குளிக்கப் போனாத்தான் பெல் அடிக்கும், அது நியதி. போனைச் சார்ஜர்ல போட்டு, சத்தத்தைக் கூட்டி, இடுப்புலயே வச்சிருந்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை அத்தையைப் பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லேன்னா முதுகுல புண்ணு வரும். திருப்பும்போது ரெண்டு காலுக்கும் நடுவுல தலகாணி வைக்கணும், ஆபரேஷன் பண்ண கால் குறுக்கே போயிடக் கூடாது. ஒரு கையில தலகாணி, இன்னொரு கையில அத்தை, ரெண்டு காதும் வாசல்ல.

வாஷிங் மெஷின் இல்லேன்னா என்ன, கையால துவைச்சுக்க வேண்டியதுதானேன்னு கேக்குற ஆள் யாராவது இருந்தா, தயவுசெஞ்சு எங்க வீட்டுக்கு ஒருநாள் வாங்க. கதவு திறந்துதான் இருக்கு. ராத்திரி டயாப்பர் போட்டாலும் விடியக்காலைல ஓரமா கசியத்தான் செய்யும். அண்டர்பேட், அதுக்குக் கீழ ரப்பர் ஷீட், அதுக்கும் மேல பருத்தித் துணி, பெட்ஷீட், நைட்டி, தலகாணி உறைன்னு விடியும்போதே ஒரு பொதி சேர்ந்துடும். டபுள் பெட்ஷீட்டை டெட்டால்ல ஊறவச்சு, அலசி, பிழியிறது ஒரு ஆள் வேலையே இல்ல. பையனை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். நான் எந்தப் பக்கம் திருகுறேனோ அதே பக்கம் அவனும் திருகுறான்! பெட்ஷீட் ஸ்கிப்பிங் கயிறா சுத்துதே தவிர ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல.

அதுவும் மெஷின் நின்ன லட்சணம் இருக்கே! எல்லாம் துவைச்சு முடிச்சுட்டு நின்னிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பாதியில, தொட்டி நிறைய அழுக்குத் தண்ணியோட நின்னுச்சு. முன்பக்கம் கதவு வச்ச மெஷின். உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் கதவு பூட்டு விடாது, பாதுகாப்பாம். கண்ணாடிக்குள்ள என் பெட்ஷீட்டெல்லாம் தெரியுது, எடுக்க முடியல. இந்த வீட்ல நெசமாவே பூட்டியிருந்த ஒரே கதவு அதுதான். அதைப் பாக்கத்தான் அந்த டெக்னீஷியன் வரவே இல்ல.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்து வந்தார். யூடியூப் பாத்தார். "கீழ ஓரத்துல ஒரு சின்ன மூடி இருக்கு, அதுக்குள்ள ஃபில்டர் இருக்கு, அதைத் திருகினா தண்ணி வந்துடும்"னார். வந்துச்சு. அந்த வீடியோவுல தட்டு வைக்கச் சொல்ற இடத்தை மட்டும் அவர் தள்ளிவிட்டுப் பாத்திருக்கார். பக்கத்துலயே ஒரு குட்டி ட்யூப் இருக்கும், அது வழியா கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். அதெல்லாம் எதுக்கு, ஒரே திருகு. மெஷின்ல இருந்த மொத்தத் தண்ணியும் ஹாலுக்கு வந்து, அங்கிருந்து அத்தை ரூமுக்குப் போய், காத்துப்படுக்கையோட பம்பு சொருகியிருக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நோக்கி நிதானமா நடந்துச்சு. இடுப்பு ஆபரேஷன் ஆனவங்க வீட்ல தரை ஈரமா இருக்கக் கூடாதுன்னு டிஸ்சார்ஜ் பண்ணும்போது டாக்டர் ஒண்ணுக்கு ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் பாய்ஞ்சு போய் ப்ளக்கைப் பிடுங்கினேன். பையன் வீட்ல இருந்த துண்டையெல்லாம் கொண்டுவந்து அணை கட்டினான். அந்தத் துண்டையும் இனிமே துவைக்கணும்.

பம்பு ப்ளக்கைப் பிடுங்கினா படுக்கை காத்து கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். அத்தை, "அம்மாடி, நான் கீழ போறேனா, இல்ல வீடு மேல வருதா?"ன்னாங்க.

மறுநாள் கஸ்டமர் கேர். தமிழுக்கு ஒரு நம்பரை அமுக்கச் சொன்னாங்க, அமுக்கினேன், இந்தி வந்துச்சு. அதை விடுங்க, பழகிப்போச்சு. கடைசியா ஒரு பொண்ணு தமிழ்ல வந்தா.

"மேடம், உங்க புகார் க்ளோஸ் ஆயிடுச்சே."

"வராமலே எப்படிம்மா க்ளோஸ் ஆகும்? வேலை முடிஞ்சா ஹேப்பி கோடுன்னு ஒரு நம்பர் வரும், அதை நாங்க சொன்னாத்தானே முடிப்பீங்க?"

"ஆமா மேடம். ஆனா கஸ்டமர் வீட்ல இல்லேன்னா கோடு தேவையில்ல மேடம்."

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன். என்ன ஒரு ஏற்பாடு! வந்து வேலை செஞ்சா கோடு கேக்கணும், கஸ்டமர் திட்டுவாங்க, படி ஏறணும். வராம "வீட்ல ஆள் இல்ல"ன்னு ஒரு தட்டு தட்டினா எல்லாம் சுபம். ஹேப்பியா இருக்கிறது யாருன்னு இப்பப் புரியுது.

"வீட்ல படுத்த படுக்கையா ஒரு பெரியவங்க இருக்காங்கம்மா, நாங்க எங்க போவோம்?"

"உங்க நிலைமை எங்களுக்குப் புரியுது மேடம். புது புகார் பதிவு பண்ணட்டுமா?"

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினம் அன்னைக்கு, பழுதுபார்க்கும் உரிமைக்குன்னே மத்திய அரசு ஒரு இணையதளம் திறந்துச்சு. உரிமையெல்லாம் பத்திரமா இருக்கு. பழுதுபாக்க ஆளுதான் வரல. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அங்க தமிழ்லயும் பேசுவாங்க. அதைத்தான் கடைசியா சொன்னேன், "1915-க்குப் போடுறேம்மா"ன்னு. குரல் மாறிடுச்சு. "நாளைக்கே வருவாங்க மேடம்."

வந்தார். நெசமாவே வந்தார். வரமாட்டார்னு தெரிஞ்சே நான் குளிக்கப் போயிருந்தேன், பெல் அடிக்கல. ஏன்னா கரண்ட் இல்ல. எங்க ஏரியாவுக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதுலேர்ந்து மத்தியானம் ரெண்டு வரைக்கும் மின்தடை. பேப்பர்லயே போட்டிருந்தாங்க. அந்த மனுசன் பதினொண்ணரைக்கு வந்து நிக்கிறார்.

"கரண்ட் இல்லாம எப்படி மேடம் செக் பண்றது?"

"ரெண்டு மணிக்கு வந்துடும். மத்தியானம் வர முடியுமா?"

"மத்தியானம் எனக்கு தாம்பரம் சைடு மேடம்."

நான் வாசல்லயே குறுக்கே நின்னுட்டேன். ஈரத் தலையோட, துண்டு கட்டிக்கிட்டு. இன்வெர்ட்டர்ல அத்தை பம்பும் ஒரு ஃபேனும் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு, அதுல மெஷினைச் சொருக விடமாட்டேன்னும் சொல்லிட்டேன். மனுசன் என்ன நினைச்சாரோ, உக்காந்து மெஷினைச் சாய்ச்சு, டார்ச் அடிச்சு, மெஷினோட தண்ணி வெளியேத்துற பம்பைக் கழட்டிக் கையிலயே எடுத்துட்டார். பம்போட இறக்கையைச் சுத்தி உப்பு வெள்ளை வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. சுண்ணாம்புக் காளவாய் தோத்துச்சு.

"உங்க போர் தண்ணி சரியில்ல மேடம்."

தெரியும்ப்பா. மடிப்பாக்கத்துல போர் தண்ணி சரியில்லேன்னு சொல்ல கம்பெனியிலேர்ந்து ஆள் வரணுமா? குழாய் வாயைப் பாத்தாலே தெரியும், என் முடியைப் பாத்தாலே தெரியும். "பம்பு மாத்தணும். ஸ்டாக் இல்ல, ஆர்டர் போடணும். விசிட்டிங் சார்ஜ் 590." 500 ரூபா, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 90. கூடவே உப்பு கரைக்கிற பவுடர் ஒரு பாக்கெட் பையிலயே வச்சிருந்தார். பம்பு ஸ்டாக் இல்ல, பவுடர் ஸ்டாக் இருக்கு.

அவர் படி இறங்கி பைக்கை ஸ்டார்ட் பண்றதுக்குள்ள போன் அடிக்குது. நான் காசைக் கொடுத்த கையோட மொட்டை மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன், போன் அத்தை பக்கத்துல இருந்துச்சு. பையன்தான் அப்புறம் நடந்ததைச் சொன்னான்.

"வணக்கம் மேடம், இன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்த சர்வீஸ் எப்படி இருந்துச்சு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எத்தனை மார்க் தருவீங்க?"

அத்தை நிதானமா சொல்லியிருக்காங்க: "வீட்ல யாரும் இல்லப்பா. பூட்டியிருக்கு. நான் பூட்டுதான் பேசுறேன்."

போனை வச்சுட்டாங்க. மாடியிலேர்ந்து வந்து இதைக் கேட்டதும் துணியோட தரையில உக்காந்து சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அத்தை சிரிச்சா தையல் இழுக்கும், "சிரிக்க வைக்காதடி, சிரிக்க வைக்காதடி"ன்னு இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே அவங்களும் சிரிக்கிறாங்க. பம்பு இன்னும் வரல. பெட்ஷீட் இன்னும் நானும் பையனும்தான் பிழியிறோம். இப்பக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருகக் கத்துக்கிட்டான்.

அதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. இந்த மெடிக்கல் ஷாப்புல மாத்திரை அட்டையை வெட்டிக் கொடுக்குறாங்களே, எப்பவும் பேரும் காலாவதித் தேதியும் இருக்கிற பக்கத்தை அவங்க வச்சுக்கிட்டு, ஒண்ணுமே எழுதாத வெள்ளித்தாள் பக்கத்தை நம்மகிட்ட ஏன் தர்றாங்க? எங்க வீட்டு டப்பாவுல அப்படி அநாதையா பத்து அட்டை கிடக்கு. எது பிரஷருக்கு, எது கால்சியம், எது வாயுவுக்குன்னு ராத்திரி டார்ச் அடிச்சுக் கலரை வச்சுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. கத்தரிக்கோலை அந்தப் பக்கம் திருப்பிப் பிடிக்க எத்தனை நொடி ஆகும்?