அவசரப் பணத்த மொத்தமா ஒரே எடத்துல வைக்காதீங்க

அவசரத்துக்கு வெச்சிருக்குற பணம் முழுசும் சேவிங்ஸ் அக்கவுண்ட்லயே இருக்கட்டும்னு கட்டுரைல சொல்லிருக்கீங்க, அதுல எனக்கு உடன்பாடு இல்லங்க. ஒரு மாச செலவுக்கு அங்க இருந்தா போதும், மீதிய மூணு மாசம் ஆறு மாசம்னு முதிர்வு தேதி தள்ளித்தள்ளி வர்ற மாதிரி சின்னச் சின்ன டெபாசிட்டா போட்டுட்டா பெரும்பாலும் வட்டியும் கூட வரும், நடுவுல ஒண்ண உடைச்சாலும் அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் வட்டி குறையும்.

மணி மார்க்கெட் ஃபண்ட் (நம்ம பணத்த குறுகிய காலக் கடன் பத்திரங்கள்ல போடுற ஃபண்ட்) நல்லதுதான், ஆனா பேங்க் டெபாசிட்டுக்கு இருக்குற இன்சூரன்ஸ் அதுக்கு கிடையாது, இத யாரும் சத்தமா சொல்றதில்ல! 2008 செப்டம்பர்ல லேமன் பிரதர்ஸ்ங்குற பெரிய முதலீட்டு பேங்க் விழுந்தப்போ அமெரிக்காவுல ரிசர்வ் பிரைமரி ஃபண்ட்ங்குற மணி மார்க்கெட் ஃபண்டோட யூனிட் மதிப்பு 1 டாலர்ல இருந்து 97 சென்ட்டுக்கு போச்சு, அதவிட மோசம் என்னன்னா போட்டவங்களால உடனே பணத்த எடுக்கவும் முடியல. அவசரப் பணம்னு வெச்சிட்டு அவசரத்துல கைக்கு வரலன்னா என்ன பிரயோஜனம் சொல்லுங்க?

அப்புறம் அதிக வட்டின்னு பெருசா போட்டிருந்தா, அந்த ரேட் எத்தன மாசத்துக்கு, எவ்ளோ தொகை வரைக்கும்னு கேளுங்க, பல எடத்துல புதுசா சேர்றவங்களுக்கு கொஞ்ச காலம்தான் அது. வரி போக கையில நிக்கிறது விலைவாசி ஏத்தத்த தாண்டுதான்னும் கணக்கு போட்டுட்டு மாத்துங்க.