வைஃபைய திறந்து வச்சா குத்தமா?

நான் காசு கட்டுற நெட்ட பாஸ்வேர்ட் போடாம திறந்து விடுறேன், யாரோ ஒருத்தன் அதுல புகுந்து தப்பு பண்றான், மாட்டுறது நானா? நிறைய அரசாங்கங்க சுத்தி வளைச்சு ஆமான்னுதான் சொல்லுது, எனக்கு அதுல துளியும் உடன்பாடு இல்ல.

ஜெர்மனில 2010ல ஒரு கேஸ். வீட்டுக்காரர் லீவுல வெளியூர் போயிருந்த நேரத்துல அவர் வைஃபை வழியா ஒரு பாட்ட உரிமை இல்லாம யாரோ ஷேர் பண்ணிட்டாங்க. நஷ்டஈடு கட்ட வேணாம், ஆனா ரவுட்டரோட வந்த செட்டிங்க மாத்தாம விட்டது உங்க தப்பு, வக்கீல் நோட்டீஸ் செலவு உங்க தலைலதான்னு அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அப்புறம் மியூனிக் பக்கம் லைட்டு, சவுண்ட் சிஸ்டம் வியாபாரம் பண்ண டோபியாஸ் மெக்ஃபாடன், அவர் வேணும்னே திறந்து வச்சவரு, அவர் வைஃபை வழியாவும் யாரோ பாட்டு ஷேர் பண்ணதால சோனி மியூசிக்கோட மோதி கேஸ் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2016ல தீர்ப்பு: நஷ்டஈடு கேட்க முடியாது, ஆனா பாஸ்வேர்ட் போடு, வாங்குறவன் யாருன்னு கேட்டுட்டு குடுன்னு கோர்ட் உத்தரவு போடலாம். அதாவது கடைக்காரர் போலீஸ் வேலையும் சேர்த்துப் பாக்கணும்! 2017ல ஜெர்மனியே சட்டத்த மாத்தி, பாஸ்வேர்ட் போடு, பேர் எழுதி வாங்குன்னு அதிகாரிங்க கட்டாயப்படுத்தக் கூடாதுன்னு கொண்டு வந்துச்சு. இத்தாலிலயும் இதே கதைதான், 2005 லண்டன் குண்டுவெடிப்புக்கு அப்புறம் பொது இடத்துல நெட் யூஸ் பண்ண ஐடி கட்டாயம்னாங்க, 2010 முடியறப்போ கைவிட்டாங்க.

கொடூரமான குற்றங்களும் இந்த வழியா நடக்குது, விசாரிக்கிறவங்க கஷ்டம் நிஜம், அத நான் சின்னதா நினைக்கல. வெளிய இருந்து பாத்தா ரவுட்டரோட ஒரே ஒரு ஐபி அட்ரஸ்தான் (நெட்ல அடையாளம் காட்டுற நம்பர்) தெரியும், உள்ள பத்து பேர் இருந்தாலும் யாருன்னு தெரியாது. ஆனா அதுக்காக எல்லார் போன் நம்பரையும் ஓடிபி கேட்டு சேத்து வைக்கிறதுல என்ன நடக்குது? திட்டம் போட்டு வர்றவன் அடுத்தவன் பேர்ல ஒரு சிம்மோட வருவான். சிம் தொலஞ்சு, ஒரு மெசேஜ் அனுப்ப நெட் தேடி நிக்கிறவங்கதான் ஓடிபி வராம அந்த ஸ்க்ரீன பாத்துட்டே நிப்பாங்க.

எந்தக் கட்டுப்பாடும் வேணாம்னு நான் சொல்லல. 1985ல அமெரிக்காவுல அலைவரிசைகள கட்டுப்படுத்துற எஃப்சிசிங்கிற அரசு அமைப்பு சில அலைவரிசைகள லைசென்ஸ் இல்லாம யார் வேணாலும் யூஸ் பண்ணலாம்னு திறந்து விட்டுச்சு, அதுலதான் பின்னாடி வைஃபையே வளந்துச்சு. அங்கயும் விதி இருந்துச்சு, இவ்ளோ பவருக்கு மேல போகாதன்னு. அந்த விதி கருவிக்கு, நீ யாருன்னு ஆள கேட்கல. இப்பவும் அப்படியே பண்ணலாமே, எல்லா ரவுட்டர்லயும் வீட்டு நெட்டுக்குள்ள எட்டிப் பாக்க முடியாத மாதிரி வெளி ஆளுங்களுக்குன்னு கெஸ்ட் நெட்வொர்க் தனியா இருக்கணும், ஸ்பீட நானே குறைச்சு வைக்க வசதி இருக்கணும்னு தயாரிக்கிறவங்களுக்கு விதி போடுங்க. என்கிட்ட ஏதாவது கேட்கணும்னா ஒரு குறிப்பிட்ட கேஸுக்கு கோர்ட் உத்தரவோட வாங்க, இருக்கறத தர்றேன். முன்கூட்டியே எல்லாரையும் நோட்டு போட்டு எழுதி வைக்கச் சொல்லாதீங்க.